இடையில் விடுபட்ட இரண்டு மாதம்

அக்கா,

இன்று மத்தியானம் சமையலறை மரியா ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நீண்டகாலச் சேவைக்கான விடுமுறை விண்ணப்பம். 'வேலையில் சேர்ந்த திகதி' என்ற இடத்தில் இரண்டு திகதிகள் எழுதியிருந்தாள். பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவள் அவள். "இரண்டையும் எழுதலாம்தானே?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். அந்த இரண்டாவது திகதிக்கான இடம் உங்களால் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் மடைத்தனத்தால் வந்தது என்பதும் தெரியாது.

சுவிஸில், பாசல் நகரத்தின் இந்த முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் நீங்களும் நானும் சேர்த்து நாலு தமிழ்ப் பெண்கள் நின்றோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நீண்ட லீவில் போகலாம் என்பது இல்லத்தின் சட்டம். யாருக்கு எப்போது என்பதை நாங்களே எங்களுக்குள் பேசி முடித்துவிடுவோம். வருடத்துக்கு ஒருவருக்கு முறை வரும். அவர் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஊருக்குப் போவார். மற்ற மூவரும் இங்கே ஒருநாள், இரண்டுநாள் என்று பிய்த்துப் பிய்த்து லீவு எடுப்போம்.

ஊரில் சண்டை முடிந்து அடுத்த வருடம், 2010, முறை உங்களுடையது. அந்த ஆவணியில்தான் என் தம்பிக்குக் கலியாணம் வைத்தார்கள். நான் கேட்கவில்லை அக்கா. கேட்க வாய் வரவில்லை. நீங்களே ஈரத் துவாய்களைக் கூடையில் கொட்டிக்கொண்டு சொன்னீர்கள்.

"என்ர முறையை நீ எடு. கலியாணம் ஒருக்காத்தான் வரும். அப்பா எங்கை ஓடப்போறார்? அடுத்த வருசம் போய்ப் பாப்பன்."

உங்கள் அப்பா ஓடிவிட்டார். நான் யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த கிழமையில் அவர் போய்ச் சேர்ந்த செய்தி உங்களுக்கு வந்தது. நீங்கள் ஒரே பிள்ளை. ஏற்கெனவே ஒருத்தி லீவில், மூன்று நாள்தான் தரலாம் என்றார் பொறுப்பாளர். மூன்று நாள்! போய்வரவே போதாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் அம்மாவைத் தனிய விடமுடியாது என்று நீங்கள் வேலையை விட்டு எழுதிக் கொடுத்தீர்கள். நான் அங்கிருந்து போன் எடுத்து, உடனே திரும்புகிறேன் என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. தாலி கட்டி முடியாமல் வந்தியெண்டால் உன்ர முகத்திலையும் முழிக்கமாட்டன்."

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தீர்கள். புது ஆளாகத்தான் எடுத்தார்கள். புது ஒப்பந்தம், மூன்று மாதம் பரீட்சைக் காலம். "பதினாலு வருசம் தோய்ச்சனான், எனக்குத் தோய்க்கத் தெரியுமோ எண்டு இனித்தான் பாக்கப்போகினமாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு அதை மறந்துபோனோம்.

எட்டு வருடம் கழித்து என்னை ஊழியர் குழுவுக்குத் தெரிவுசெய்தார்கள். நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு விடுமுறைக் கொள்கை ஒன்று வேண்டும், வரைவை நீ எழுது என்றார்கள். மூன்று சனிக்கிழமை இருந்து எழுதினேன். பத்து வருடத்துக்கு நாலு கிழமை, சேர்ந்தாற்போல். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதும்போது நினைத்தது உங்களைத்தான். உங்கள் அம்மா ஊர் வீட்டில் தனிய இருந்தா. போய் ஒரு மாதம் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்வீர்கள். வேறொரு நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்து எழுதியபோது அதில் 'இடைவெளியில்லாத சேவை' என்று இருந்தது. ஒரு கனம் இருக்கட்டும் என்று நானும் அதைப் போட்டேன். நீங்கள் இடையில் போனவர் என்ற நினைப்பே எனக்கு இல்லை. என் மனதில் நீங்கள் எப்போதும் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

அந்த லீவு கிடைத்தவர்களின் முதல் பட்டியலை வாசிக்கிற நாளில் இரண்டு பெட்டி நிறைய வடை சுட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்கள் பெயர்தான் முதல் வரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே. இயக்குநர் ஒன்பது பெயர் வாசித்தார். அதில் என் பெயர் இருந்தது. உங்கள் பெயர் இல்லை. நீங்கள் என்னைப் பார்த்துக் கைதட்டினீர்கள். பிறகு எழும்பிப் போய் எல்லோருக்கும் வடை கொடுத்தீர்கள்.

நடையில் உங்களை மறித்து, "அக்கா, அந்தச் சொல்லை நான்தான் எழுதினது" என்றேன்.

"தெரியும். நல்ல ஜெர்மன்" என்றீர்கள். "நீ வடை சாப்பிட்டியோ?"

நாலு அறை அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அன்று வீட்டுக்குப் போய்க் குழறி அழுதேன்.

அடுத்த கூட்டத்திலேயே அந்தச் சொல்லை எடுக்கவேண்டும் என்று கேட்டேன். ஒருவருக்குத் திறந்தால் எல்லோரும் வருவார்கள் என்றார்கள். அவ ஏன் இடையில் போனவ என்று கேட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: அந்தக் கோடையில் நான் போனது அவவுடைய முறையில், அவ வேலையை இழந்தது என் தம்பியின் கலியாணத்தால். அவர்கள் உடனே மாற்றவில்லை. உங்களுக்குக் கிடைக்கும்வரை என் லீவை எடுக்கமாட்டேன் என்று நான் நின்றது உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. "என்னடி, உண்ணாவிரதமோ இருக்கிறாய்? போய் லீவை எடு, உன்ர பிள்ளையளாவது சந்தோசப்படட்டும்" என்று ஏசினீர்கள். நான் கேட்கவில்லை. மாரிக்காலம் முழுக்க இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்தச் சொல்லை வெட்டினார்கள். முந்திய வருடங்களும் சேரும் என்ற வரியை என் கையாலேயே எழுதினேன்.

அந்தச் சித்திரையில் நீங்கள் அம்மாவிடம் போனீர்கள். போய்ப் பத்து நாளாகியும் ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கு என்னவோ என்று பயந்து, பதில் போடுங்கோ அக்கா என்று எழுதினேன். பிறகு உங்கள் குரல் வந்தது.

"பிள்ளை, கோவிக்காதை. இண்டைக்கு என்ன கிழமையெண்டு எனக்குத் தெரியேல்லை. அம்மாவுக்கும் தெரியேல்லை. நீயும் என்ன கிழமையெண்டு சொல்லிப் போடாதை."

அம்மா அடுத்த வருடம் கண்ணை மூடினா. போன மாரியில் நீங்களும் போய்விட்டீர்கள். இப்போதும் குழுவுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். சுகவீனம், வேலை நேரம், சீருடை என்று எவ்வளவோ எழுதிவிட்டேன். நல்ல ஜெர்மன் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அக்கா, என் எழுத்தால் ஒருத்திக்கு அவளுடைய தாயின் பக்கத்தில் கிழமை தெரியாத ஒரு காலை கிடைத்தது என்றால், அது நான் பிழையாக எழுதி, அழுது, திரும்ப எழுதிய அந்த ஒரு வரியால்தான்.