வெள்ளைச் சீலைக்குத் திறக்காத கதவு

என் வாயாடி அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு தோட்டத்து லயத்தில் சண்டை குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நம்பாதே. சண்டை அப்படியேதான் இருக்கிறது, உன் தொண்டை மட்டும்தான் இல்லை. அக்கரப்பத்தனையில் மழை விடவில்லை. நம் ஒற்றை அறைக் காம்பராவின் கூரை அதே மூலையில்தான் ஒழுகுகிறது. பெரிய செய்தி வேறு. உன் மகள் வெள்ளைச் சீலை கட்டிவிட்டாள்.

பதறாதே. புருஷன் சாகவில்லை. புருஷனே இல்லை. அரசாங்கம் கட்டிவிட்ட வெள்ளை இது. பிரசவம் பார்க்கப் படித்தவளுக்கு அதுதான் சீருடை.

அப்பா செத்தபோது உனக்கு வெள்ளை கொண்டுவந்தவர்களிடம் நீ என்ன கேட்டாய் என்று லயமே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. "தேயிலக் கற ஏறுனா யாரு வெளுப்பா? நீங்க வந்து வெளுப்பீங்களா?" மறுநாள் சிவப்புச் சீலையில் பெரட்டுக்குப் போய், வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசையில் நின்றாய். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உன்னை யாரும் கூப்பிடவில்லை. அதைச் சொல்லி மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

படிப்பை முடித்தேன், பரீட்சையும் தேறினேன். ஆனாலும் பதிவேட்டில் பெயர் ஏற இன்னொன்று பாக்கியிருந்தது. மேற்பார்வை சிஸ்டர் பக்கத்தில் நிற்க, தோட்டத்தில் ஒரு பிரசவம் பார்த்துக் காட்ட வேண்டும். தவணை முடிவதற்குள் அது நடக்காவிட்டால் படிப்பு வீண், மறுபடியும் கொழுந்துக் கூடைதான். அந்தச் சமயத்தில் நாள் நெருங்கியிருந்தவள் காத்தாயி அத்தையின் மருமகள் மருதாயி ஒருத்திதான்.

காலையில் வலி கண்டது. தோட்டத்து லொறியில் சிஸ்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காத்தாயி அத்தை வாசலை அடைத்து நின்றாள்.

"எங்கடி வர்ற? தாலியறுத்தவ மாதிரி வெள்ளையில?"

"இது உடுப்பு அத்தை. கவுருமெண்டு குடுத்தது."

"கவுருமெண்டுக்கு நல்லது கெட்டது தெரியுமா? சரி, நீ எத்தன புள்ள பெத்த?"

"ஒண்ணுமில்ல."

"பெறாதவ எப்புடிடி பேறு பாப்ப?"

"தொரை கொழுந்து எடுத்துப் பழகிட்டா நம்மள மேய்க்கிறாரு?"

உன் வாய் எனக்கும் வந்திருக்கிறது, பார். ஆனால் அவள் நகரவில்லை. உள்ளே மருதாயி கத்தினாள். அதற்கு மேல் நியாயம் பேச நேரமில்லை. நம் காம்பராவுக்கு ஓடி, பெட்டியிலிருந்த உன் சிவப்புச் சீலையை வெள்ளைக்கு மேலே சுற்றிக்கொண்டு வந்தேன். அத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான் பொம்பள மாதிரி இருக்க. உள்ள போ."

எனக்குப் பரீட்சை என்று நகம் பார்க்கிறார்கள் அம்மா, முடி கட்டியிருக்கிறேனா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வேண்டியதுதான். ஆனால் பத்தடிக் காம்பராவில், அடுப்புப் புகைக்கும் ஒழுகும் கூரைக்கும் நடுவே ஒருத்தி பிள்ளை பெறுகிறாளே, அந்தக் காம்பராவுக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? பிறக்கப்போகும் பிள்ளை இலங்கைப் பிள்ளையா இந்தியப் பிள்ளையா என்று கேட்டால் சொல்லவும் ஆளில்லை. என் நகத்துக்கு மட்டும் சட்டம் இருக்கிறது.

தண்ணீர் கொதிக்கும்போது சிஸ்டர் வந்துவிட்டார். சிங்களப் பெண், நல்ல உயரம். தலை முதல் கால் வரை வெள்ளை.

"போச்சுடா, இன்னொருத்தியா!" என்று காத்தாயி அத்தை குறுக்கே கையை நீட்டினாள்.

"மொகத? என்ன இது?" என்று சிஸ்டர் அதட்டினார். அத்தை துரைக்கே அசையாதவள், சிஸ்டருக்கா அசைவாள்? சிஸ்டர் பார்க்காத பிரசவம் கணக்கில் சேராது. மருதாயியை விட்டு என்னால் எழுந்துபோகவும் முடியாது. உள்ளேயிருந்தே கத்தினேன்: "அத்தை, ஒங்க கம்பளியப் போத்தி விடுங்க! வெள்ளை தெரியாது!"

"தெரியாம இருந்தாச் சரி" என்றாள். மழைக்குப் போர்த்தும் அந்தக் கறுப்புக் கம்பளி, புகையும் ஈரமும் நாறி, சிஸ்டரின் தலையில் ஏறியது. அவர் குனிந்து உள்ளே வந்தார். சிவப்புக்குள் நான், கறுப்புக்குள் அவர். சிரிப்பதற்கும் பயப்படுவதற்கும் நேரமில்லை.

பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி வந்தது. கொடியை விலக்கி எடுத்தேன். அழவில்லை. சிஸ்டரைப் பார்த்தேன். அவர் மருதாயியின் தோளைப் பிடித்தபடி, "நீ செய்" என்றார். வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே உன்னைக் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டதா?

கேட்டிருக்கும். அந்தப் பயல் உன்னைப் போலவே கத்தினான்.

சிஸ்டர்தான் பிள்ளையை வாங்கிக் காத்தாயி அத்தையின் கையில் கொடுத்தார். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொமங்கலி கைம்மா ஒங்க கை. ஒங்க வூட்டுக்காரரு தீர்க்காயுசா இருக்கணும்."

"அவர் செத்து ரொம்ப நாள்" என்றார் சிஸ்டர்.

அத்தை சிஸ்டரைப் பார்த்தாள். பேரனைப் பார்த்தாள். அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். விட்டான். பிறகு அவனை மருதாயியின் பக்கத்தில் கிடத்திவிட்டு வந்து, சிஸ்டரின் மேலிருந்த கம்பளியைத் தன் கையாலேயே உருவினாள்.

"இது எதுக்கு இன்னமும்? வேர்க்குது பாருங்க. தேத்தண்ணிக்குச் சீனி போடவா?"

பதிவேட்டில் என் பெயர் ஏறிவிட்டது அம்மா. 'திறமை போதும். சீருடைக்கு மேல் சிவப்புச் சீலை ஏன் என்று விளக்கவும்' என்று மேலிடத்திலிருந்து எழுதி வந்தது. 'குளிர்' என்று பதில் அனுப்பினேன்.

உண்மையை உன்னிடம் சொல்கிறேன். நான் தாலியறுத்தவள் இல்லை என்று காட்டித்தான் அந்தக் கதவைத் தாண்டினேன். அன்று நீ வந்திருந்தால் உன்னை வெளியே நிறுத்தியிருப்பார்கள், நானும் உன் சீலையைக் கட்டிக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

இனி வெள்ளையிலேயே போவேன். எவள் குறுக்கே நின்றாலும் காத்தாயி அத்தையைக் கூட்டிவந்து பேசவிடுவேன், அவள் வாய்க்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. தோள் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் பக்கத்துக் காம்பராவில் ஒதுங்கியிருக்கும் தாலியில்லாதவளைத்தான் முதலில் கூப்பிடுவேன். உன் சிவப்புச் சீலையைத் தீபாவளிக்குக் கட்டிக்கொள்கிறேன். தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. நான் வெளுக்கப்போவதுமில்லை.

கொழுந்தெடுக்க லாயக்கில்லாதவள் என்று நீ ஏசி வளர்த்த
உன் மகள் செல்லம்மா