ஐந்து நோட்டில் நீ சொன்ன பொய்கள்

கூட்டாளி,

இன்று காலை நர்சிங் படிக்கும் பெண்கள் திண்டிவனத்தில் இருக்கும் நம் தெருவுக்கு வந்து வீடு வீடாகச் சர்க்கரை பார்த்தார்கள். என் விரலில் தடவிய ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது.

வேலை முடிந்ததும் அவர்கள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பினார்கள். எட்டிப் பார்த்தேன். எனக்கு இப்போது படிக்கத் தெரியும், நம்புடா! முதியோர் வகுப்பில் கற்றேன். ‘பிறர் மனநிலையை என்னால் உணர முடிகிறது: எப்போதும், சில நேரம், இல்லை’ என்று அச்சடித்திருந்தது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்:

“ஏய், மூணாவதுக்கு இன்னாடி போட்ட?”

“எப்போதும்னு போட்டுட்டு ஜல்தி குடுடி. மேடம் வந்துக்கினு இருக்காங்க.”

தன் மனசில் என்ன இருக்கிறது என்பதைக்கூட அடுத்தவளைப் பார்த்து எழுதுகிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உன்னைச் சுற்றி நின்றவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். சர்க்கரைப் புண் முற்றி, காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெண்டு நாள் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்றார். நீ கைநாட்டு வைக்க மறுத்தாய். இதற்கு நடுவில் ஐந்து மாணவிகள் நோட்டும் பேனாவுமாக ஒருவர் பின் ஒருவராக வந்து, பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை, கவலை உண்டா என்று ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்.

நீ சும்மா இருந்தாயா? ஒருத்தியிடம் கல்யாணமே ஆகவில்லை என்றாய். இன்னொருத்தியிடம் ரெண்டு பெண்டாட்டி என்றாய். மூன்றாமவளிடம் பெண்டாட்டி சிங்கப்பூரில் இருக்கிறாள் என்றாய். அவர்களின் டீச்சர் ஐந்து நோட்டையும் சேர்த்துப் பார்த்ததும் வார்டே அதிர்ந்தது. திட்டு வாங்கிய பெண்கள் உன்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

“பொய் சொன்னா எங்களுக்கு மார்க் போவுது தாத்தா!”

“எனக்குக் காலே போவுது, உனுக்கு மார்க்குதான?” என்று சிரித்தாய். காலை எடுத்துவிட்டால் செருப்பு ஒன்று போதும் என்றும் சொன்னாய்.

நானும் அதைக் கேட்டுச் சிரித்தேன். இவனுக்குப் பயம் கிடையாது, வெறும் பிடிவாதம்தான் என்று நினைத்து, காலையும் மாலையும் திட்டினேன்.

அந்த ஐவரில் ஒருத்தி மட்டும் சண்டை போடவில்லை. ஒல்லியாக, ரெட்டைச் சடை மடித்துக் கட்டியிருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்தாள்.

“தாத்தா, அஞ்சு நோட்டும் நான் படிச்சேன். பொண்டாட்டி, புள்ளைங்க, ஊரு எல்லாத்தப் பத்தியும் கத சொல்லிக்கிறாரு. காலப் பத்தி மட்டும் யார் கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. எங்க கிட்ட சிரிக்கும்போதெல்லாம் போர்வைய இறுக்கிப் புடிச்சிக்கிறாரு. நீங்க பாக்கலயா?”

“நாப்பது வருசமா மண்டியில எங்கூட மூட்ட தூக்குனவன். எனக்குத் தெரியும்மா அவன.”

“அப்போ திட்டாதீங்க. போயி கையப் புடிங்க.”

“ஆம்பளைக்கு ஆம்பள கையப் புடிக்கிறதா? நல்லா இருக்குது கத!”

“மண்டியில மூட்ட தூக்கும்போது புடிக்கலயா?”

மல்லாட்டைக் கடலை மூட்டைக்கு அடியில் எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துத்தானே நாற்பது வருடம் தூக்கினோம்? என் வயதில் பாதிகூட ஆகாத பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. யாரை நொந்துகொள்வது?

கட்டிலருகே வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். உன் விரல்கள் தாமாக என் மணிக்கட்டைப் பற்றின.

“இன்னாடா, மூட்ட எங்க?” என்றாய்.

நான் பிடியை இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் உன் சிரிப்பு நின்றது.

“பயமா கீதுடா.”

“எனக்கும்தான்டா.”

அன்று சாயங்காலமே கைநாட்டு வைத்தாய். அதற்குப் பிறகும் மூன்று வருடம், ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தாய். போன மாசிதான் போய்ச் சேர்ந்தாய்.

அந்தப் பெண் சொன்னது மட்டும் என்னை விடவில்லை. யாராவது சிரித்தால் என் கண் அவர்கள் கைக்குத்தான் போகிறது. டீக்கடையில் ஒருவன் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் ஒருவனிடம், “இன்னாப்பா கஷ்டம்?” என்று கேட்டே விட்டேன். டீ ஆறும்வரை அழுதான்.

நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. எல்லாம் நீ கொடுத்த பேஜாருதான்டா.