ஒருநாள் விட்டு ஒருநாள்

வியாழன்.

இன்று டியூஷனில் பிள்ளைகளுக்கு ‘எவ்ரி அதர் டே’ சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள். “எங்க வீட்டுல எவ்ரி அதர் டே மீனாக்கும், டீச்சர்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

சாயங்காலம் கொல்லயில் ஊரிலிருந்து நாத்தனார் லதா வந்தாள், தூக்குவாளி நிறைய அடைப்பிரதமன் பாயசத்தோடு. பெங்களூரில் இருக்கும் என் மகள் அஞ்சுவுக்குச் சளி என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அஞ்சு நேத்து போன்ல விளிச்சா மைனி. ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரி எட்டு மணிக்கு விளிச்சிருவா. ஒங்களுக்குத் தெனமும் உண்டு, இல்லியா?”

“உண்டு. தெனமும் உண்டு” என்றேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் துணி காயப்போட்டுக்கொண்டே ஐந்து நிமிடம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பேன். லதா வேறு என்ன கேட்பாள்? அவளிடம் மட்டும் சளியைச் சொல்லத் தோன்றியிருக்கிறதே.

பிரதமனை இவர்தான் குடித்தார். நான் தொடவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க அவசரம் ஒன்றும் இல்லை.

நேற்று பேசியிருக்கிறாள் என்றால் அடுத்தது நாளைக்கு.

நாளை சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் கொல்லயிலுக்குப் போய் வாளியைக் கொடுக்கலாம். லதா எப்படியும் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். எட்டு மணி வரை இருக்கலாம்.