அண்ணன் குரல் இருக்கும் பென் டிரைவ்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அங்கே குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உன் அண்ணனுக்குக் கழுத்துத் தையல் ஆறிவிட்டது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்கிறார் டாக்டர். குரல்வளையையே எடுத்த பிறகு நல்லபடி என்ன வேண்டிக்கிடக்கிறது? மைக் இல்லாமல் மார்க்கெட்டே அதிர ஏலம் விட்ட மனுஷன், இப்போது தண்ணீருக்கு டம்ளரைத் தட்டுகிறார்.

நீ அனுப்பிய லினக்ஸ் டேப்லெட் வந்தது. எழுத்தைத் தட்டினார், பேசியது. ஆனால் அது ரயில்வே அறிவிப்புக்காரன் குரல். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு, "இது அப்பா இல்ல, ஆஃப் பண்ணுங்க" என்றாள். ஆஃப் செய்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கஞ்சியும் இறங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன் அவரைப் பேசவைத்து நீ பதிந்து கொடுத்த பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்துவிடுகிறது. அதற்குக் கரண்ட் கொடுக்க டேப்லெட்டுக்குத் தெம்பில்லை என்றார் ரிப்பேர் கடைக்காரர். தன் கம்ப்யூட்டரில் செருகினார். நீ லினக்ஸ் முறையில் பதிந்தது அதற்குப் புரியாதாம், உள்ளதையெல்லாம் அழித்து ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. அவர் சரி என்று அழுத்தப் போனார். கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கடையே என்னைப் பார்த்தது, பார்க்கட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டதாகச் சொன்னாயே, அப்புறம் அவர் குரல் வேறெங்கே இருக்கிறது?

தனியாகக் கரண்ட் எடுக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டி வாங்கி, டேப்லெட்டுக்கும் பென் டிரைவுக்கும் நடுவில் மாட்டினேன். இப்போது விளக்கு அணையாமல் எரிகிறது. டேப்லெட்தான் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. ஏதோ கட்டளை தட்ட வேண்டுமாமே, எழுத்து எழுத்தாக எழுதி அனுப்பு. தப்பாகத் தட்டினால் உள்ளே இருப்பது அழியுமா என்பதையும் எழுது. அதைத் தொடவே பயமாக இருக்கிறது, தம்பி.

எல்லாம் வராவிட்டாலும் ஒன்று வந்தால் போதும். சின்னவளைப் பள்ளிக்கு எழுப்புவது போல் சிரித்துக்கொண்டே பேசினாரே, அது.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். போன் மட்டும் செய்யாதே. நீ கூப்பிட்டும் நான் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் குரலும் அவர் குரலும் ஒன்று. சின்னவள் ஓடிவந்து போனை எடுத்து "அப்பா" என்றுவிட்டால், அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

உன் அண்ணி