பதில் ஹாரன்

செவ்வாய், இரவு.

கண்ணை மூடினால் அந்தக் கரும்பு லாரிதான் வருகிறது.

நான் ஓட்டுகிற பஸ் நாற்பதுக்கு மேல் போகாது. கே.ஜி.கண்டிகை தாண்டியதும் என் மகன் சேகர், வேலைக்குப் போகிற பைக்கில், எண்பதில் என் ஜன்னலோரம் வந்து ஹாரன் அடிப்பான். பதிலுக்கு நானும் அடிப்பேன். அப்புறம் முந்திப் போவான். பதில் கொடுப்பதால்தானே இப்படி உரசிக்கொண்டு வருகிறான் என்று இன்று அடிக்காமல் இருந்தேன்.

முந்தியவன் அதே வேகத்தில் திரும்பி என்னைப் பார்த்தான். எதிரே கரும்பு லாரி. ஒரு முழத்தில் தப்பினான்.

சாப்பிடும்போது சொன்னேன். "மெதுவா போடா. ரோட்ல எல்லாரும் நாப்பதுலதானே போறாங்க?"

"அவங்க பின்னாடியே போய்கினு இருந்தா நான் எப்ப நைனா வேலைக்குப் போய்ச் சேர்றது? அத்த வுடு. நீ ஏன் இன்னிக்கி ஹாரன் அடிக்கல? வேற டிரைவரோன்னு திரும்பிப் பாத்தேன்."

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தேன்.

விடிந்தால் அதே பஸ், அதே ரோடு. அடித்தால் ஒட்டிக்கொண்டு வருவான். அடிக்காவிட்டால் திரும்பிப் பார்ப்பான். முருகா, நான் கையை எங்கே வைக்க?