சங்கத்து வாசல் பீரங்கி

என் பீரங்கிக்கார மாமாவுக்கு,

வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூசைக்கு, ராஜபாளையத்தில் முன்னாள் ராணுவத்தார் சங்கத்து வாசலில் நிற்கும் பழைய பீரங்கியின் சக்கரத்துக்குச் சந்தனம் வைக்கப் போனவள், அதனிடம் உங்களைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் சீனிச்சாமி அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏந் தாயி, அதுக்குக் காது கேக்காதுல்லா?"

"எங்க அவியளுக்கு மட்டும் கேக்குதாக்கும்?" என்றேன்.

குண்டுச் சத்தத்தில் உங்கள் காது மந்தமாகிவிட்டதால்தான் போனை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சர்வீஸ் போதும், பென்சன் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றால், இன்னும் இரண்டு வருசம் நீட்டிப்புக் கேட்கப் போவதாகச் சொல்கிறீர்கள். கேளுங்கள். எனக்கென்ன, பேச்சுத்துணைக்குப் பீரங்கி இருக்கிறது.

அன்று காலையில்தான் அதன் குழலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. என் வலது கன்னம் பச்சையாக இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டைப் பூட்டித் திறக்கிறவள்