செங்கல்பட்டு வரை ஒரு தூக்கம்

அக்கா, இன்று மதியம் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். சாயங்கால ரயிலில் மாம்பலத்தில் ஏறி, மடியில் பேப்பரை விரித்துக் கீரை உருவுவீர்கள். காம்பெல்லாம் பக்கத்து சீட்டுக்காரி மேல்தான் விழும்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. சிட்லபாக்கம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் கழுத்துச் சங்கிலியை, ஜன்னல் வழியே கைவிட்டு எவனோ அறுத்துக்கொண்டு போனான். காயம் சீக்கிரம் ஆறியது. தூக்கம்தான் திரும்பவில்லை. கண்ணை மூடினால் கழுத்தில் அந்தக் கை. பல்லி கத்தினாலும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். தூங்கியதால்தானே நடந்தது என்று உடம்பு முடிவு கட்டிவிட்டது. ஆபீஸில் தொட்டதெல்லாம் தப்பு. வேலையே போய்விடும் போலிருந்தது.

லேடீஸ் பெட்டியில் நீங்கள்தான் கேட்டீர்கள்: "இன்னாமா, எல்லாரையும் திருடனைப் பாக்குற மாதிரியே பாக்குற?"

சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உன் மண்டைக்குள்ள ஒரு வாட்ச்மேன் குந்திகினு கீறான். ஆள் மாத்தாம அவன் வூட்டுக்குப் போவ மாட்டான். நான் முழிச்சிகினு கீறேன், நீ தூங்கு."

என் பையின் வாரை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டீர்கள். கிண்டி வருவதற்குள் தூங்கிப்போனேன். நான் இறங்கவேண்டிய குரோம்பேட்டையில் உலுக்கி எழுப்பினீர்கள். அன்றிலிருந்து அதுதான் என் ஒரே நல்ல தூக்கம்.

அப்புறம் ஒரு நாள் ஒரு பூக்காரம்மா என் தோளைத் தட்டினாள். "எறங்கலையா? கடைசி ஸ்டேஷன், செங்கல்பட்டு வந்துருச்சு."

பார்த்தால் என் காவல்காரி வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார்! மடியில் பாதி உருவிய கீரை. பையின் வார் மட்டும் மணிக்கட்டிலேயே இருந்தது. நான் பதறிப்போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். "ஐயே, நானும் தூங்கிட்டேனா?" என்று நீங்கள் விழித்த விழி இருக்கிறதே! பிளாட்பாரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"பாத்தியா, ரெண்டு பேரும் தூங்கியும் ஒண்ணும் ஆவல" என்றீர்கள். காவலே இல்லாமல் அவ்வளவு தூரம் தூங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் ஏதாவது சத்தம் கேட்டு விழிப்பு வரும். எழுந்து போகமாட்டேன். 'செங்கல்பட்டு' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். சிரிப்பு வரும், பின்னாலேயே தூக்கமும் வரும். "இந்நேரத்துல என்ன செங்கல்பட்டு?" என்று வீட்டுக்காரர் முனகுவார்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் போன் செய்த அன்றும் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் அழுதபடியே தூங்கிவிட்டேன், அக்கா.